எத்தனை கம்பிகள் போதும்?

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில் இருக்கிறது வாழப்பாடி. 1970-களில் இதைப் போன்ற ஊர்களில் ஒரு மரவள்ளிக் கிழங்கு வியாபாரி வெளியூருக்குப் பேச வேண்டுமானால், ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வெகுநேரம் கழித்து, "லைன் கிடைக்கவில்லை" என்ற பதில் வந்தாலும் வரும். கருவி பழுது என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். பல வேளைகளில் பழுது ஒன்றும் இராது. இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள கம்பிகள் போதவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் எத்தனை கம்பிகள் போதும்? தொலைபேசித் துறையில் வேலை தேடி நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் இளைஞர் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்து வைத்திருப்பது நல்லது. நீங்களும் முயன்று பாருங்கள்.

ஓர் ஊரில் நெரிசல் மிகுந்த ஒரு மணி நேரத்தில் 60 அழைப்புகள் வருவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடம். மொத்தம் 180 நிமிடம். அதாவது மூன்று கம்பிகளுக்கு ஒரு மணி நேர வேலை. ஆகவே மூன்று கம்பிகள் போதும் என்று சொல்லத் தோன்றும். சொன்னால் வேலை கிடைக்காது! மக்கள் வரிசையில் நின்று ஒருவர் பின் ஒருவராகவா பேசுகிறார்கள்? ஒரு நிமிடத்தில் ஏழு பேர் தொலைபேசியை எடுப்பர். அடுத்த ஐந்து நிமிடம் ஒருவரும் எடுக்கமாட்டார். மூன்றே கம்பிகள் இருந்தால் 100 அழைப்புகளில் ஏறக்குறைய 35 வீணாகும். ஆறு கம்பிகள் இருந்தால் 5 வீணாகும். எட்டு இருந்தால் ஒன்றுகூட முழுதாக வீணாகாது.

இந்தக் கணக்கை நமக்குத் தந்தவர் ஏ. கே. எர்லாங் என்ற டென்மார்க் நாட்டவர். அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். கணிதச் சங்கக் கூட்டங்களுக்குத் தவறாமல் போவார். கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் யென்சனும் அங்கே வருவார். யென்சனும் கணிதத்தைத் தாமே கற்றுத் தேர்ந்தவர். அவர் பெயரால் ஒரு சமனின்மை விதியே உண்டு. அவர் எர்லாங்கைக் கம்பெனியின் நிர்வாக இயக்குநரிடம் அறிமுகம் செய்தார். 1908-இல் வேலை கிடைத்தது. இதைவிடச் சிறந்த நேர்முகத் தேர்வு எனக்குத் தெரியாது.

எர்லாங் நாற்காலியில் உட்கார்ந்து எண்களோடு மட்டும் உறவாடியவர் அல்லர். ஏணி சுமந்து வரும் ஒரு தொழிலாளியுடன் நகரத் தெருக்களில் நடந்து, சாலைக் குழிகளுக்குள் இறங்கி, கேபிள்களில் மின்னளவு எடுத்தார். அழைப்புகள் ஒழுங்கின்றி வந்தாலும் அந்த ஒழுங்கின்மைக்கும் ஒரு விதி உண்டு என்று 1909-இல் காட்டினார். மேலே கண்ட சூத்திரத்தை 1917-இல் வெளியிட்டார். 1929-இல் மறைந்தார். தொலைபேசி நெரிசலின் அலகுக்கு 1946-இல் அவர் பெயரே சூட்டப்பட்டது. நம் கணக்கில் வந்த 180 நிமிடம், 3 எர்லாங்.

ஆனால் சூத்திரத்தில் ஒரு நிபந்தனை உண்டு. கம்பி கிடைக்காதவர் பேசாமல் போய்விடுவார் என்று அது கொள்கிறது. நம் ஊரில் யார் அப்படிப் போவார்கள்? கிடைக்கும்வரை சுழற்றிக்கொண்டே இருப்போம். மேலும், மேலை நாடுகளில் வீட்டுக்கு வீடு தொலைபேசி. ஒவ்வொன்றிலும் பேச்சு குறைவு. இங்கோ தெருவுக்கே ஒன்று. கடைக்காரர் எண்ணைத் தம் முகவரி அட்டையில் 'பி.பி.' என்று அச்சடித்துக் கொண்டவர்கள் எத்தனை பேர்! அந்நாடுகளின் வழக்கத்தைக் கொண்டு வகுத்த இணைப்பகம், இங்கு ஓயாமல் வந்து மோதும் முயற்சிகளால் திணறியது.

இந்தச் சிக்கலுக்கு நம் நாட்டிலேயே விடை காண 1984 ஆகஸ்டில் சி-டாட் நிறுவப்பட்டது. அமெரிக்காவில் தொலைபேசிப் பொறியாளராயிருந்த சாம் பிட்ரோடா இதற்கு முன்னின்றார். அரசு தந்தது 36 கோடி ரூபாய். தவணை 36 மாதம். தில்லியில் ஒரு ஓட்டலின் அறைகளில் வேலை தொடங்கியபோது மேசைகள்கூட இல்லை; கட்டில்களையே மேசையாக்கிக் கொண்டனர். வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள்.

அவர்கள் முதலில் முடித்தது பெரிய நகருக்கான கருவியை அன்று. 128 முனைகள் கொண்ட சிற்றூர் இணைப்பகத்தை. வெயிலும் தூசியும் மிகுந்த இடத்தில், குளிர்சாதனம் இல்லாமலே அது இயங்க வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். 1986 ஜூலையில் கர்நாடகத்தின் கிட்டூரில், ராணி சென்னம்மாவின் ஊரில், முதல் இணைப்பகம் வைக்கப்பட்டது. பெரிய இணைப்பகம் 36 மாதத் தவணைக்குள் முழுமை பெறவில்லை. அதற்காக வசைகளும் கேட்டன. சிறியதோ ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. அதன் பின்னாலேயே மஞ்சள் பலகை எஸ்.டி.டி. கடைகளும் வந்தன.

இன்று அந்தக் கடைகளும் பெரும்பாலும் மறைந்துவிட்டன. வியாபாரியின் சட்டைப் பையில் கைப்பேசி இருக்கிறது. பொங்கலன்று காலையில் அவர் மகளை அழைக்கும்போது சில வேளை "அனைத்து இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன" என்ற குரல் கேட்கும். அப்போது கோபுரத்தில் தீர்ந்துபோனது கம்பியல்ல, பேச்சுத் தடங்கள். அவை எத்தனை வேண்டும் என்று கணக்கிடும் பொறியாளர் இன்றும் நெரிசல் மணியிலிருந்துதான் தொடங்குகிறார்.