காணிக்கை யாருக்கு?

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில், தேயிலைத் தோட்டங்களின் நடுவே, புனித மரியாள் ஆலயம் நிற்கிறது. 1879ஆம் ஆண்டில் மறைந்த ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கணவர் சார்ல்ஸ் ஹே கமரன், 1833ஆம் ஆண்டின் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தத்தால் நம் வரலாற்றில் இடம் பெற்றவர், தோட்டச் சொந்தக்காரருங்கூட. மலையகத்தில் திருச்சபையின் வரலாறு இவ்வாறு தோட்ட முதலின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தே தொடங்கிற்று.

கோப்பிக் காலத்தில், 1854இல், தமிழ்க் கூலி மிஷன் தோன்றியது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து உபதேசிமார் வந்தனர். அவர்களுடைய செலவுக்குத் துரைமார் சந்தா செலுத்தினர். அந்தப் பணம் யாருடைய வியர்வையில் விளைந்தது என்று நாம் சொல்ல வேண்டுவதில்லை.

ஆனால் அந்த உபதேசிமாரின் ஊரில் வேறொரு மரபும் இருந்தது. மதம் மாறியதால் இருப்பிடம் இழந்த ஏழைகளுக்கு நிலம் வாங்கிக் குடியேற்றுவதற்கென ரேனியஸ் ஐயர் 1830இல் தரும சங்கத்தை நிறுவினார். உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியைப் பெண்கள் சபைக்கென எடுத்து வைத்தனர். 1903இல் அசரியாவும் அவர் தோழரும் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, அன்னியப் பணம் வேண்டாம், நம்மவர் காணிக்கையே போதும் என்று துணிந்தனர். எடுத்த பிடி எங்கே போகிறது என்பது கொடுத்தவளுக்குத் தெரியும். அது அவள் ஊராரின் கண்முன்னே செலவாயிற்று.

ஆதித் திருச்சபையின் வழியும் அதுவே. உடைமையை விற்றவர்கள் பணத்தை அப்போஸ்தலரிடம் வைத்தனர். அவரவர் தேவைக்கேற்பப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆவியின் பெயரால் தனக்கெனப் பணம் கேட்பவன் கள்ளத் தீர்க்கதரிசி என்றே ‘திதாக்கே’ என்னும் பழைய ஒழுங்கு நூல் விதித்தது.

தொலைக்காட்சி இந்த உறவைத் தலைகீழாக்கியது. கொடுப்பவர் தோட்டத்து லயத்தில். பெறுபவர் திரைக்கு அப்பால். கணக்கு எவர் கண்ணிலும் படுவதில்லை. அமெரிக்காவில் ஜிம் பேக்கர் என்ற போதகர், ஆயிரம் டாலர் தந்தால் ஆயுட்காலப் பங்காளராகி ஆண்டுதோறும் மூன்று இரவு விடுதியில் தங்கலாமென அழைத்தார். விடுதி கொள்ளாத அளவுக்குப் பங்காளர் சேர்க்கப்பட்டனர். பணத்தில் ஒரு பகுதி அவர் ஆடம்பரத்துக்குப் போயிற்று. 1989இல் நீதிமன்றம் 24 குற்றச்சாட்டுகளில் அவரைக் குற்றவாளியெனக் கண்டது. 2007இல் செனட்டர் கிராஸ்லி ஆறு ஊழியங்களிடம் கணக்குக் கேட்டபோது, நான்கு ஊழியங்கள் முழு விவரம் தரவில்லை. 2011இல் தண்டனை ஏதுமின்றி விசாரணை முடிந்தது.

தமிழ்நாட்டில் 2021 ஜனவரியில் பால் தினகரனின் ‘இயேசு அழைக்கிறார்’ ஊழியம் தொடர்பான இடங்களில் வருமான வரித்துறை சோதனை நடத்தியது. சோதனை தீர்ப்பாகாது. ஆயினும் காணிக்கைக் கணக்கை அரசாங்க அதிகாரி வந்து தேடும் நிலை ஏன் வந்தது? கொடுத்தவர்க்கு அதைக் காட்டும் வழக்கம் வேரூன்றாததாலன்றோ?

தோட்டத் தொழிலாளி ஏன் கொடுக்கிறாள் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நோய்க்கு மருத்துவம் எட்டாத இடத்தில் அற்புதம் எட்டுகிறது. எவரும் அவள் பெயரைச் சொல்லாத உலகில் திரையிலிருந்து ஒருவர் அவளுக்காக மன்றாடுகிறார். அவளுடைய நம்பிக்கை ஏளனத்துக்குரியதன்று. நாட்சம்பளம் 1000 ரூபாயை எட்ட ஆண்டுக்கணக்கில் போராடி, 2021இல்தான் அதை அவள் கண்டாள். கொழுந்துக் கூடையின் கணக்கைத் துரையிடம் கேட்கக் கற்றவள், காணிக்கையின் கணக்கைப் போதகரிடம் கேட்பதும் நியாயமே. அப்படிக் கேட்பது விசுவாசத்துக்கு விரோதமன்று என்று அவள் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது ஆசிரியராகிய நம் கடமை.