மேலூர் கற்பித்த பாடம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பெருநகரைச் சுற்றியுள்ள ஊர்களின் மாணவர்கள் உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டைப் பாடத்தில் படித்திருப்பார்கள். அங்கே முதலாம் பராந்தக சோழன் காலத்துத் தேர்தல் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன என்பதைச் சிலரே கவனித்திருப்பார்கள். கி.பி. 919இல் வாரியத் தேர்தலுக்கு விதிகள் வகுத்த சபையார், இரண்டே ஆண்டுகளில், 921இல், அவற்றைத் திருத்தி விரிவாக மீண்டும் பொறித்தனர். விதி செய்வதோடு வேலை முடிவதில்லை. அது எப்படி நடக்கிறது என்று பார்த்துத் திருத்தவும் வேண்டும்.

இன்று ஊராட்சிகளுக்கு அகலக்கற்றை இணையம் வழங்கும் பணிக்கும் இந்த அறிவு தேவை. இதை நமக்கு நன்கு விளக்குவது, மதுரை மாவட்டத்து மேலூரில் நடந்த ஒரு சோதனையின் வரலாறு.

பேராசிரியர் போட்ட கணக்கு

1990களில் ஒரு தொலைபேசி இணைப்புத் தர ஏறத்தாழ 30,000 ரூபாய் செலவாயிற்று. வட்டி, தேய்மானம், பராமரிப்பு ஆகியவற்றை ஈடுகட்ட ஆண்டுதோறும் அதில் மூன்றில் ஒரு பங்காவது வருவாயாகத் திரும்ப வேண்டும். அவ்வளவு தொகையை எத்தனை குடும்பங்களால் தர இயலும்? மிகச் சிலவற்றால்தான். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா இக்கணக்கைப் போட்டுப் பார்த்தார். செலவு 10,000 ரூபாய் அளவுக்குக் குறைந்தால்தான் இந்தியாவின் பாதிக் குடும்பங்களுக்காவது தொலைபேசி எட்டும் என்று கண்டார்.

செலவில் பெரும்பகுதியை விழுங்கியது வீடுவரை புதைக்க வேண்டிய கம்பியே. ஆகவே அவர் குழுவினர் 'கார்டெக்ட்' என்னும் கம்பியில்லா முறையை உருவாக்கினர். ஊரில் ஒரு கோபுரம், வீட்டின்மேல் ஒரு சிறு ஆன்டெனா, இவ்வளவே. பேசிக்கொண்டிருக்கும்போதே வினாடிக்கு 35 கிலோபிட் வேகத்தில் இணையமும் கிடைத்தது. (2004இல் மத்திய அரசு அகலக்கற்றைக்கு வகுத்த குறைந்த அளவு 256 கிலோபிட், 2023இல் அது 2 மெகாபிட் ஆனது.)

ஊருக்குள் கணிப்பொறி

2001இல் இம்முறையைக் கொண்டு மேலூர் வட்டாரச் சிற்றூர்களில் 'சாரி' என்னும் திட்டம் தொடங்கியது. சென்னைத் தொழில்நுட்பக் கழகத்துடன் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் இதில் பங்குகொண்டன. சில நிலையங்களை உள்ளூரார் சொந்தத் தொழிலாக நடத்தினர். மற்றவற்றைத் தொண்டு நிறுவனம் ஒன்று நடத்தியது.

கண்ணில் கோளாறு உள்ளவரின் படத்தை எடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை பெற முடிந்தது. பிறப்பு, இறப்பு, வருமானச் சான்றுகளுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் ஊரிலிருந்தே விண்ணப்பிக்க முடிந்தது. ஒரு நாள் கூலியை இழந்து தாலுகா அலுவலகத்துக்கு அலைந்தவர்களுக்கு இது எத்துணைப் பெரிய உதவி!

மூன்று உண்மைகள்

இந்த இடத்தில் கதையை நிறுத்தியிருந்தால் மேலூர் வெறும் வெற்றிச் செய்தியாகியிருக்கும். ஆனால் மைக்கேல் பெஸ்ட், ராஜேந்திர குமார் என்ற ஆய்வாளர்கள் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். நிலையத்துக்கு வந்தவர்களை மட்டும் எண்ணாமல், அவர்களை ஊர் மக்கள் தொகையோடும் ஒப்பிட்டுப் பார்த்தனர். மூன்று உண்மைகள் தெரிந்தன.

முதலாவது, சான்று விண்ணப்பங்கள் உண்மையிலேயே கூடின. ஆனால் ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாறியதும், அச்சேவை ஓராண்டுக்குச் சற்று மேல் நடந்து நின்றுபோயிற்று. அலுவலக நடைமுறையில் அது வேரூன்றவில்லை.

இரண்டாவது, தனியார் நடத்திய நிலையங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டன. வருவாய் போதவில்லை, பழுது நேர்ந்தால் உதவி கிடைக்கவில்லை. கணிப்பொறிப் பயிற்சி பெற்றவர்களே சொந்தமாக நடத்தியவை கூடுதல் காலம் தாக்குப்பிடித்தன.

மூன்றாவது மிக முக்கியமானது. வந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்களும் மாணவர்களும் ஆவர். பெண்களும் முதியோரும் ஏழைகளும் குறைவு. எனினும் தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்புக்கு அருகில் அமைந்த நிலையங்களுக்கும், அம்மக்களே நடத்திய நிலையங்களுக்கும் அவர்கள் கூடுதலாக வந்தனர். நிலையத்தை எந்தத் தெருவில் வைப்பது என்பதே யாருக்குப் பயன் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது!

எதை அளப்பது?

இந்தியாவின் சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011இல் ஒப்புதல் தந்தது. அதுவே பின்னர் 'பாரத்நெட்' எனப் பெயர் பெற்றது. இத்தகைய திட்டங்களில் எத்தனை கிலோமீட்டர் இழை பதித்தோம் என்பதை எளிதில் எண்ணிவிடலாம். எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், யார் விடுபட்டார்கள், பழுதைச் சரிசெய்ய எத்தனை நாளாகிறது என்பவற்றை ஊருக்குள் போய்க் கேட்டால்தான் அறியலாம். இவற்றை அறியாமல் செலவிடும் பொதுப் பணம் மண்ணுக்குள் புதைந்த பணமாகவே போகும்.

மாணவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். உங்கள் ஊர் ஊராட்சி அலுவலகத்தில் இணைப்பு இருக்கிறதா, கடந்த வாரம் எத்தனை நாள் வேலை செய்தது, தெருவுக்குத் தெரு யார் பயன்படுத்தினர் என்று கேட்டு எழுதி அட்டவணை போடுங்கள். அதைக் கிராம சபையில் வாசித்துக் காட்டுங்கள். விதிகளைத் திருத்தத் தயங்காத சபை இருந்த மண்ணல்லவா இது!