ஆட்டோ எல்பிஜி

பெட்ரோல் வண்டிகளில் மாற்று எரிபொருளாகப் பயன்படும் திரவ எரிவாயு. புரொப்பேன், பியூட்டேன் கலவை. 2000-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் இந்தியாவில் இதற்கு வழி திறந்தது. 2001-இல் தனிக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் சாலை போன்ற நெரிசலான தெருக்களில் ஊர்ந்து ஓடும் ஆட்டோரிக்‌ஷாக்களுக்குப் புகை குறைந்த இந்த எரிபொருள் மிகவும் ஏற்றது.

எல்பிஜிக்கு மாற்றும் வண்டியில் எஃகுத் தொட்டி, அடைப்பு வால்வு, திரவத்தை வாயுவாக்கி அழுத்தம் குறைக்கும் கருவி, காற்றோடு கலக்கும் அமைப்பு ஆகியவை பொருத்தப்படும். கார்களில் ஆவியாக்கும் வெப்பத்தை எஞ்சினின் குளிர்விப்பு நீர் தரும். வெயிலில் திரவம் விரிவதால் தொட்டியை 80 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பக் கூடாது. லிட்டர் கணக்கில் மைலேஜ் பெட்ரோலைவிடக் குறைவு. விலை மலிவாக இருந்தால்தான் லாபம்.

காற்றைவிடக் கனமான இந்த வாயு கசிந்தால் தரையோரம் தேங்கும். அதனால் சமையல் சிலிண்டரை வண்டியில் இணைப்பது சட்டவிரோதம் மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்து. அங்கீகரிக்கப்பட்ட கருவியையே பொருத்தி, ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவுச் சான்றிதழில் எரிபொருள் மாற்றத்தைக் குறிக்கச் செய்ய வேண்டும். 2018 முதல் கொச்சியில் மற்றொரு மாற்று எரிபொருளான சிஎன்ஜியும் கிடைக்கிறது. அது மீத்தேன், அதற்கான தொட்டியும் வேறு.