மிளகுத்தண்ணீரும் முல்லிகடானியும்: ஓர் உணவின் வகைமை மாற்றம்

ஆய்வுச்சுருக்கம்

தமிழகத்து மிளகுத்தண்ணீர், ஆங்கிலேயரின் உணவு மேசையில் முல்லிகடானி என்னும் பெயரில் சூப்பாக இடம்பெற்றது. இறைச்சியும் மாவும் சேர்ந்து கெட்டியான பின்னரும் அது ஸ்டூ எனப்படாமல் சூப் என்றே வகைப்படுத்தப்பட்டதன் காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. நீர்ம உணவின் வகைமையை அதன் அடர்த்தியைக் காட்டிலும், உணவுவேளையில் அது பெறும் இடமும் அதனுடன் உண்ணப்படும் உணவுமே தீர்மானிக்கின்றன என்பது கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: மிளகுத்தண்ணீர், முல்லிகடானி, இரசம், உணவு வரலாறு, சென்னை மாகாணம்

முன்னுரை

இறைச்சியும் காய்களும் மிகுந்த நீர்ம உணவு ஒன்றைச் சூப் என்பதா, ஸ்டூ என்பதா என்னும் வினாவுக்குத் தரப்படும் வழக்கமான விடை அடர்த்தியை அளவுகோலாகக் கொண்டது. நீர் மிகுந்திருந்தால் சூப் என்றும், திடப்பொருள் மிகுந்திருந்தால் ஸ்டூ என்றும் கொள்வர். இவ்வளவுகோல் எல்லா உணவுகளுக்கும் பொருந்துவதில்லை என்பதற்கு முல்லிகடானி தக்க சான்றாகும். தமிழ்ப் பெயருடன் இங்கிலாந்து சென்ற இவ்வுணவின் வரலாறு, ஓர் உணவு தன் வகைமையை மாற்றிக்கொள்ளும் முறையைத் தெளிவாகக் காட்டுகிறது.

சொல் தரும் சான்று

ஹென்றி யூல், ஏ.சி. பர்னல் ஆகிய இருவரும் தொகுத்து 1886ஆம் ஆண்டு வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் என்னும் சொற்களஞ்சியம், முல்லிகடானி என்பதை 'மிளகுத்தண்ணீர்' என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபாகக் காட்டுகிறது. அது எடுத்துக்காட்டும் 1784ஆம் ஆண்டுச் சான்று, பெங்களூர்ச் சிறையில் அடைபட்டிருந்த ஆங்கிலேயர் ஒருவரின் பாடலாகும். அதில் இவ்வுணவு கஞ்சியுடன் இணைத்துக் கைதிகளின் உணவாகக் குறிக்கப்படுகிறது. விருந்தின் முதல் உணவாக அன்றி, பசியாற்றும் எளிய உணவாகவே ஆங்கிலேயர் இதனை அறிந்திருந்தனர் என்பதற்கு இப்பாடல் சான்றாகிறது. சென்னை மாகாணப் பணியிலிருந்த ஆங்கிலேயருக்கு, இவ்வுணவின் பெயரைச் சுருக்கி 'முல்' என்னும் பட்டப்பெயர் வழங்கியதையும் அதே சொற்களஞ்சியம் பதிவு செய்கிறது.

இரு சமையல் நூல்கள்

1861இல் நூலாக வெளிவந்த திருமதி பீட்டனின் இல்லற மேலாண்மை நூல், முல்லிகடானியைச் சூப் வகைகளுள் சேர்க்கிறது. ஆயின் அதன் செய்முறை வேறொன்றை உணர்த்துகிறது. பன்றி இறைச்சித் துண்டுகள் பரப்பிய பாத்திரத்தில், துண்டுகளாக்கிய கோழி அல்லது முயல், 6 வெங்காயம், பூண்டு ஆகியவை ஏறத்தாழ இரண்டேகால் லிட்டர் இறைச்சிச்சாற்றில் மெல்ல வேகவைக்கப்படுகின்றன. பின்னர்க் கறிமசாலைத் தூளும் அரைத்த பாதாமும் சேர்க்கப்படுகின்றன. இது ஸ்டூ சமைக்கும் முறையை ஒத்தது. பெயரிலுள்ள மிளகு கறிமசாலைத் தூளுக்கும், தண்ணீர் இறைச்சிச்சாற்றுக்கும் இடம்விட்டன. எனினும் வேகவைத்த சோற்றை உடன் பரிமாறுமாறு அந்நூல் கூறுவது, பழைய உண்ணல் முறையின் எச்சம் எனலாம்.

'வைவர்ன்' என்னும் புனைபெயரில் எழுதிய கர்னல் கென்னி-ஹெர்பர்ட்டின் சென்னைச் சமையற் குறிப்புகள் நூல் 1878இல் வெளிவந்தது. தமிழ்ச் சமையற்காரர் செய்யும் மிளகுத்தண்ணீரை அந்நூல் விரிவாக விளக்குகிறது. புளி, வற்றல் மிளகாய், பூண்டு, கடுகு, வெந்தயம், மிளகு, கறிவேப்பிலை ஆகியவற்றை உப்புடன் அரைத்து, நீர் சேர்த்துக் கொதிக்க வைத்து, நெய்யில் வதக்கிய வெங்காயத்தின்மீது வடிகட்டி ஊற்றுவது அம்முறை. இதனை மிகுதியான சோற்றுடன் உண்பர் என்றும், இதுவே ஒரு முழு உணவு என்றும் அவர் குறிப்பிடுகிறார். ஆங்கிலேயர் இதனுடன் இறைச்சியைச் சேர்த்து, மாவும் வெண்ணெயும் கொண்டு கெட்டியாக்கி, வளமான சூப்பாக மாற்றிக்கொண்டனர் என்பதும் அவர் கூற்றே.

இங்கு ஒரு முரண் புலப்படுகிறது. நீர்த்த மிளகுத்தண்ணீர் முழு உணவின் பகுதியாக இருக்கிறது. கெட்டியான முல்லிகடானியோ உணவுக்கு முந்தைய சூப்பாகிறது. அடர்த்தியே அளவுகோலாயின் இது தலைகீழாக அமைந்திருக்க வேண்டும்.

அடர்த்தியும் இடமும்

இம்முரணுக்கு விடை உணவு பரிமாறும் முறையில் உள்ளது. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் விருந்தில் உணவுவேளை சூப்பில் தொடங்கியது. அந்த இடத்தில் வைக்கப்பட்ட நீர்ம உணவு, எத்துணைக் கெட்டியாயினும் சூப் எனப்பட்டது. தமிழர் உணவில் அத்தகைய தனி இடம் இல்லை. குழம்பு, இரசம், மோர் என ஒவ்வொன்றும் சோற்றுடன் முறையே சேர்ந்து வருவது. கெட்டியானது முன்னும் நீர்த்தது பின்னுமாக அமையும் இவ்வரிசை, ஐரோப்பிய வரிசைக்கு நேர்மாறானது. சோறின்றி இவற்றுள் எதுவும் தனி உணவாகாது.

சூப் என்னும் சொல்லும் தொடக்கத்தில் இதற்கு அயலானதன்று. அதன் மூலமாகிய பிற்கால இலத்தீன் சொல், சாற்றில் ஊறிய ரொட்டியைக் குறித்தது. நீர்மமும் தானிய உணவும் இணைந்தே வழங்கிய நிலை ஐரோப்பாவிலும் இருந்தமை இதனால் பெறப்படும். காலப்போக்கில் ரொட்டி விலகி, நீர்மமே சூப்பாயிற்று. முல்லிகடானியிலும் இதனை ஒத்த மாற்றம் நிகழ்ந்தது. இலையை நிறைத்த சோறு, முதலில் உடன் வைக்கும் பொருளாகி, பின்னர்க் கிண்ணத்தில் தூவும் சில பருக்கைகளாகக் குறைந்தது.

கேரளத்தின் 'இஷ்டு' மறுதலைச் சான்றாகிறது. ஸ்டூ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபாகிய இது, தேங்காய்ப்பாலில் அமைந்து பெரும்பாலும் நீர்த்தே இருக்கிறது. எனினும் ஆப்பத்துடன் உண்ணப்படுவதால் அதனைச் சூப் என எவரும் கொள்வதில்லை.

ஒரு சொல், இரு வழிகள்

ஆங்கிலோ-இந்தியர் இல்லங்களில் மிளகுத்தண்ணீர், 'பெப்பர் வாட்டர்' என மொழிபெயர்ந்து இன்றும் வழங்குகிறது. அங்கு அது சோற்றுடனும் இறைச்சி வறுவலுடனும் உண்ணப்படுகிறது. கடனாகப் பெற்ற பெயருடைய முல்லிகடானி சூப்பாகிவிட, மொழிபெயர்த்த பெயருடையது சோற்றோடு நிலைத்தது. ஒரே மூலத்திலிருந்து கிளைத்த இவ்விரண்டையும் வேறுபடுத்துவதில், சேர்மானங்களைப் போலவே உண்ணும் முறையும் பங்கு பெறுகிறது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால், சூப், ஸ்டூ என்னும் பகுப்பு உணவின் இயல்பை மட்டும் சுட்டுவதன்று, உண்ணும் ஒழுங்கையும் சுட்டுவது என்பது தெளிவாகிறது. இரசத்தைச் சூப் என மொழிபெயர்க்கும்போது அதன் நீர்த்தன்மை மட்டுமே சொல்லப்படுகிறது. சோற்றுடன் அதற்குள்ள உறவு விடுபடுகிறது. உணவகங்களில் இரசம் உணவுக்கு முன் கிண்ணத்தில் தனியே தரப்படும் இக்காலப் போக்கில், முல்லிகடானிக்கு நேர்ந்த மாற்றம் தமிழகத்திலேயே மீண்டும் நிகழ்வதைக் காணலாம். ஆகவே உணவுச் சொற்களுக்குப் பொருள் வரைவோரும் உணவு வரலாற்றை ஆய்வோரும், ஓர் உணவின் சேர்மானங்களுடன் அது எதனோடு, எவ்வரிசையில் உண்ணப்படுகிறது என்பதையும் பதிவு செய்தல் இன்றியமையாதது.