கருவுற்ற தொழிலாளர்களின் நோய்க்கால ஊதியம்: சட்ட வரலாறும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியும்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி காஞ்சிபுரம் மாவட்டத்தில் அமைந்துள்ளது. இங்குள்ள கைபேசி மற்றும் மின்னணுப் பொருள் தொழிற்சாலைகளில் இளம்பெண்கள் பெருமளவில் வேலை செய்கின்றனர். கருவுற்ற தொழிலாளி ஒருவர் உடல்நலம் குன்றி விடுப்பு எடுத்தால் சம்பளம் உண்டா, எவ்வளவு, அதை யார் தரவேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் இன்று சட்டத்தில் விடை உள்ளது. இவற்றுள் மூன்றாவது கேள்வியே நீண்ட காலம் விவாதிக்கப்பட்டது.

தொடக்க கால முயற்சிகள்

1919-இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு, மகப்பேற்றுக்கு முன்னும் பின்னுமாக 12 வார ஓய்வை வலியுறுத்தியது. அக்காலத்திற்கான உதவித்தொகை அரசு நிதியிலிருந்தோ காப்பீட்டிலிருந்தோ வரவேண்டும் என்றும் கூறியது. இந்தியா இந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை.

1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதா விவாதத்திற்கு வந்தபோது டாக்டர் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். இச்சுமையின் பெரும்பகுதியை அரசே ஏற்பதுதான் முறை என்று அவர் கருதினார். ஆயினும், பெண்களின் உழைப்பால் ஆதாயம் பெறும் முதலாளிக்கும் பொறுப்பு உண்டு என்பது அவர் வாதம். 1929-இல் பம்பாய் மாகாணத்திலும், 1934-இல் சென்னை மாகாணத்திலும் சட்டங்கள் நிறைவேறின. இவற்றின்படி உதவித்தொகையை முதலாளியே நேரடியாகத் தரவேண்டும். இதில் ஒரு குறை இருந்தது: செலவு தன் தலையில் விழும் என்று அஞ்சும் முதலாளி, பெண்களை வேலைக்கு எடுப்பதையே தவிர்க்கக்கூடும்.

ஈட்டுறுதித் திட்டம்

இக்குறைக்குத் தீர்வாக அமைந்தது காப்பீட்டு முறை. 1943-இல் நியமிக்கப்பட்ட பேராசிரியர் பி.பி. அடார்க்கர் 1944-இல் தம் அறிக்கையை அளித்தார். அதன் அடிப்படையில் 1948-இல் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம், அதாவது இ.எஸ்.ஐ. சட்டம், இயற்றப்பட்டது. திட்டம் 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் பிரதமர் நேருவால் தொடங்கி வைக்கப்பட்டது. தமிழகத்தில் 1955-இல் கோவையில் நடைமுறைக்கு வந்தது. முதலாளியும் தொழிலாளியும் செலுத்தும் சந்தாவிலிருந்து கழகமே பயன்களை வழங்குகிறது.

இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வராத பெண்களுக்காக 1961-இல் மகப்பேறு நலச் சட்டம் வந்தது. இதில் சம்பளம் தரும் பொறுப்பு முதலாளியுடையது. தொடக்கத்தில், முந்தைய 12 மாதங்களில் 160 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்றிருந்தது. 1988-இல் அது 80 நாளாகக் குறைக்கப்பட்டது.

இச்சட்டத்தின் முக்கியமான தீர்ப்பொன்று தமிழகத்து வழக்கில் பிறந்தது. கோவை மாவட்டத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், 12 வார விடுப்புக்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்து 72 நாள் ஊதியமே தரப்பட்டது. பெண் தொழிலாளி 84 நாளுக்குக் கேட்டார். தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வாரம் என்பது ஞாயிறு உட்பட ஏழு நாள் என்று 1977-இல் தீர்ப்பாயிற்று. தாய் உயிர்வாழ்வதற்கு மட்டுமன்றி, இழந்த உடல்வலிமையை மீண்டும் பெறவும் இத்தொகை உதவ வேண்டும் என்று நீதிமன்றம் விளக்கியது.

தினக்கூலிப் பெண்களுக்கும் இவ்வுரிமை உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்தது.

தொழிற்பகுதியில் மாற்றங்கள்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைபேசி ஆலை 2006 முதல் 2014 வரை இயங்கியது. பின்னர் வந்த மின்னணு ஆலைகளுக்காகப் பல மாவட்டங்களிலிருந்து பெண்கள் வந்து விடுதிகளில் தங்கினர். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது.

அதே ஆண்டு ஜூனில், ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களுக்கு வேலை மறுக்கப்படுவதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இ.எஸ்.ஐ. சந்தா ஆணுக்கும் பெண்ணுக்கும், மணமானவருக்கும் ஆகாதவருக்கும் ஒரே விழுக்காடுதான். 2019 ஜூலை முதல் முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு, தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு. ஆகவே காப்பீட்டில் உள்ள பெண்ணின் மகப்பேற்று ஊதியம் ஆலைக்குத் தனிச்செலவு அன்று.

நோய்க்காலப் பயனும் மகப்பேற்றுப் பயனும்

2017 முதல் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் இ.எஸ்.ஐ. வரம்பில் அடங்குவர். அவர்களுக்கு இரு வகைப் பயன்கள் உண்டு.

நோய்க்காலப் பயன்: சராசரி நாள் ஊதியத்தில் 70 விழுக்காடு; ஆண்டுக்கு 91 நாள் வரை. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா செலுத்தியிருக்க வேண்டும். ஏப்ரல்–செப்டம்பர் சந்தாவுக்கான பயன் அடுத்த ஜனவரியில்தான் தொடங்கும்.

மகப்பேற்றுப் பயன்: முழு ஊதியம். 2017 முதல், முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம். அதில் 8 வாரம் வரை மகப்பேற்றுக்கு முன் எடுக்கலாம். முந்தைய இரு பங்களிப்புக் காலங்களில் 70 நாள் சந்தா போதும். கருச்சிதைவுக்கு 6 வாரம்.

இவ்விரண்டுக்கும் இடையே பலர் அறியாத ஒரு விதி உள்ளது. கருவுறுதலாலோ, மகப்பேற்றாலோ, குறைமாதப் பிறப்பாலோ, கருச்சிதைவாலோ ஏற்படும் நோய்க்கு, கூடுதலாக ஒரு மாதம் வரை மகப்பேற்றுப் பயனே முழு அளவில் கிடைக்கும். நாள் ஊதியம் 500 ரூபாய் என்று கொள்வோம். கருவுற்றதால் வந்த கடும் வாந்திக்கு 30 நாள் ஓய்வு தேவைப்பட்டால் கிடைக்க வேண்டியது 15,000 ரூபாய். அதே ஓய்வு சாதாரண நோயாகப் பதிவானால் 70 விழுக்காட்டுக் கணக்கில் 10,500 ரூபாய்க்கு மேல் வராது. எனவே மருத்துவச் சான்றில் நோயின் காரணம் தெளிவாக எழுதப்பட வேண்டும். ஒரே நாளுக்கு இரு பயன்களையும் பெற இயலாது.

21,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுவோருக்கும் மகப்பேறு நலச் சட்டம் இதே 26 வாரத்தையும் கூடுதல் ஒரு மாதத்தையும் வழங்கியது. தருபவர் மட்டும் முதலாளி. ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பொறுத்தவரை, இ.எஸ்.ஐ. சந்தா கட்டப்படுவதற்கு முதன்மை முதலாளியே பொறுப்பு. நோய்க்காலப் பயனோ மகப்பேற்றுப் பயனோ பெறும் காலத்தில் ஒருவரை வேலைநீக்கம் செய்யக்கூடாது என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு விதித்தது.

இன்றைய நிலை

இவ்விரு சட்டங்களும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020-இல் இணைக்கப்பட்டன. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. 26 வாரம், 80 நாள் தகுதி, நோய்க்கான கூடுதல் ஒரு மாதம், மகப்பேற்று விடுப்பின்போது வேலைநீக்கத் தடை ஆகியவை அதிலும் தொடர்கின்றன. கருவுறுதல் நோயன்று, ஆனால் அதனால் நோய் வரும்போது முழு ஊதியத்துடன் ஓய்வு பெறுவது தாயின் உரிமை என்பதே இவ்வரலாறு நிலைநாட்டிய கருத்தாகும்.