திருவான்மியூர்: வழியிலுள்ள ஊரின் பார்வையிடங்கள்

திருவான்மியூர் தென்சென்னையில் வங்கக் கடலோரத்தில் அமைந்த பகுதி. வடக்கே அடையாறும் பெசன்ட் நகரும், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் தரமணியும், தெற்கே கொட்டிவாக்கமும் அதன் எல்லைகள். கிழக்குக் கடற்கரைச் சாலை இங்கிருந்துதான் புறப்படுகிறது. இந்த ஒரு காரணத்தாலேயே பயண வழிகாட்டிகளில் இவ்வூருக்குச் சேரவேண்டிய இடம் கிடைக்காமல் போயிற்று. மாமல்லபுரம் செல்லும் கார் இங்கே சிக்னலுக்காக நிற்கும். பச்சை விழுந்ததும் பறந்துவிடும். சென்னையைச் சுற்றிப் பார்க்க வருவோர் கையில் தரப்படும் பட்டியல், 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற கடலோர மணல்பரப்பில் தொடங்கும். கோட்டை, உயர் நீதிமன்றம், எழும்பூர் அருங்காட்சியகம், மெரினா, மயிலாப்பூர் என்று தெற்கே இறங்கி அடையாற்றோடு அது முடிந்தும்விடும். இந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. வழியில் இருக்கும் ஊர் என்பதுதான் திருவான்மியூரின் வரலாறு. அவ்வழியே வந்தவர்கள் இங்கே நின்றார்கள். அதனால்தான் இன்று இங்கே பார்ப்பதற்கு இவ்வளவு இருக்கிறது. நிற்காமல் கடந்துபோகும் பழக்கம் அண்மையில் வந்தது.

இதற்கான சான்று பழையது. கி.பி. 7ஆம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் இத்தலத்துக்கு இரண்டு பதிகங்களும், திருநாவுக்கரசர் ஒரு பதிகமும் பாடியிருக்கின்றனர். சம்பந்தரின் ஒரு பதிகம் கடலிலிருந்து தொடங்குகிறது. சங்கும் வெள்ளிய இப்பியும் கிடக்கும் கரை, மீன் துள்ளும் கழி என்று ஊரின் விளிம்பைக் காட்டிவிட்டே இறைவனிடம் வருகிறது. 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் இயற்றிய சேக்கிழார் இவ்விருவரின் யாத்திரையையும் தலம் தலமாகச் சொல்கிறார். அப்பர் எனப்படும் திருநாவுக்கரசர் தெற்கேயிருந்து வருகிறார்: திருக்கழுக்குன்றத்தை வணங்கி, வான்மியூர் வந்து, மயிலாப்பூர் வழியாகத் திருவொற்றியூர் செல்கிறார். சம்பந்தரோ எதிர்த்திசையில், மயிலையில் பூம்பாவையை எழுப்பிய பின் வான்மியூரைத் தொழுது திருவிடைச்சுரம் போகிறார். இரண்டையும் வரைபடத்தில் கோடிட்டுப் பார்த்தால், இன்று வாகனங்கள் விரையும் கடலோர வழியின் வடபகுதி ஏறக்குறைய அப்படியே தெரியும். கோட்டைக் கொத்தளம் எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த நிலப்பரப்பில் வெளியூரார் வந்துபோகும் பாதை ஒன்று இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான எழுத்துச் சான்று தேவையில்லை.

பெரியபுராணம் அடியார் வரலாறு சொல்லும் பக்திக் காப்பியம், அதைப் பயணக் குறிப்பாக எடுத்துக்கொள்ளலாமா என்று ஆய்வாளர் கேட்பது நியாயமே. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே ஐந்நூறு ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. ஆனால் சேக்கிழார் குன்றத்தூர்க்காரர். இந்த நாட்டுப்புறத்தை அறிந்தவர். அவர் தந்த தல வரிசை, அவர் காலத்து யாத்திரிகர் நடந்த வழிக்குப் பொருந்தாமல் இருந்திருந்தால் தொண்டை நாட்டார் ஏற்றிருக்க மாட்டார்கள். 7ஆம் நூற்றாண்டில் அப்பர் எந்த நாள் எங்கே தங்கினார் என்பதை அதிலிருந்து சொல்ல முடியாது. 12ஆம் நூற்றாண்டில் வான்மியூர் கடலோர யாத்திரையில் ஒரு நிறுத்தம் என்று உறுதியாகச் சொல்லலாம். கோயிலில் உள்ள 11ஆம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டுகளும் இதற்குத் துணை நிற்கின்றன. இன்று நாம் காணும் கட்டுமானத்தில் பிற்காலப் பணி கலந்திருக்கிறது என்பது உண்மைதான். மயிலையின் நிலையோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். அங்கே கடலோரம் இருந்த பழைய கபாலீச்சரம் போர்ச்சுகீசியர் காலத்தில் அழிந்தது, இன்றுள்ள கோயில் பின்னர் எழுந்தது என்பது வரலாற்றாசிரியர் பலர் கருத்து. வான்மியூரில் சோழர் காலக் கல்வெட்டு பூசை நடக்கும் கோயிலிலேயே இருக்கிறது.

அந்தக் கோயில் மருந்தீஸ்வரர் கோயில். அகத்தியருக்கு இறைவன் மூலிகைகளின் இயல்பை உபதேசித்த இடம் என்று தலபுராணம் கூறும். சேக்கிழாரே இத்தலத்து இறைவனை மருந்து என்று குறிக்கிறார். நோயுற்றோர் அபிஷேகப் பாலையும் திருநீற்றையும் மருந்தாக வாங்கிச் செல்லும் வழக்கம் இன்றும் உண்டு. இங்கே நின்று கவனிக்க வேண்டியது சந்நிதியின் திசை. பெரும்பாலான சிவாலயங்களில் மூலவர் கிழக்கு நோக்கியிருக்க, இங்கே பால்வண்ணநாதர் என்றும் பெயருள்ள மருந்தீஸ்வரர், சுயம்பு லிங்கமாக, மேற்கு நோக்கியிருக்கிறார். வேளச்சேரியிலிருந்து வழிபட வந்த அப்பைய தீட்சிதர், வெள்ளம் சூழ்ந்ததால் முன்புறம் வரமுடியாமல் பின்புறமே நின்று வேண்ட, இறைவன் அவர் பக்கம் திரும்பினார் என்பது கர்ணபரம்பரைக் கதை. இதை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கதை சொல்லும் நிலம் மெய்யானது. வேளச்சேரிக்கும் வான்மியூருக்கும் இடையே கிடப்பது பள்ளிக்கரணைச் சதுப்பைச் சேர்ந்த தாழ்நிலம். மழைக்காலத்தில் நீர் நிற்கும் பூமி. சம்பந்தர் கண்ட கழியும் தீட்சிதரைத் தடுத்த வெள்ளமும் ஒரே ஊரின் நீர்க்குணத்தைத்தான் பேசுகின்றன. கோயிலுக்கு வெளியே, கிழக்குக் கடற்கரைச் சாலையின் நடுவிலேயே வால்மீகிக்கு ஒரு சிறு கோயில் நிற்கிறது. வால்மீகி இங்கே வழிபட்டார் என்பதும் புராணமே. ஆனாலும் இருபுறமும் வண்டிகள் ஒதுங்கிப் போக, அது இடம் விட்டு நகரவில்லை.

மருந்து என்ற நம்பிக்கை 20ஆம் நூற்றாண்டிலும் இவ்வூரை விடவில்லை. சண்முக கவசம் பாடிய பாம்பன் சுவாமிகள் 1923இல் சென்னைத் தம்புச் செட்டித் தெருவில் வண்டி மோதிக் கால் எலும்பு முறிந்து, பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் குணமடைந்ததை அடியார்கள் இன்றும் மார்கழியில் மயூர வாகன சேவன விழாவாகக் கொண்டாடுகின்றனர். 1929 மே 30இல் மறைந்த அவருடைய சமாதி திருவான்மியூரில் இருக்கிறது.

கலாக்ஷேத்ரா வந்தது வேறு வழியில். ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் தொடங்கிய இந்தக் கலைப்பள்ளி, 1962இல் திருவான்மியூரின் வெறும் மணல்வெளிக்கு, சுமார் 100 ஏக்கர் பரப்புக்கு, இடம் மாறத் தொடங்கியது. இன்று அங்கே செழித்து நிற்கும் தோப்பு வளர்த்து உண்டாக்கிய தோப்பு. ஆலமரத்தடியில் காலை வழிபாடு முடிந்ததும் மாணவர்கள் சிறு சிறு குடில்களுக்குக் கலைந்து செல்வர். அதன் பிறகு வளாகத்துப் பாதையில் நடப்பவருக்குத் தட்டுக்கழி கட்டையில் விழும் சத்தமும் சொல்லுக்கட்டும் ஒவ்வொரு குடிலிலிருந்தும் வேறு வேறு காலத்தில் கேட்கும். கேரளக் கூத்தம்பல அமைப்பில் எழுந்த அரங்கம், அகன்ற கரைச் சேலைகளுக்குப் பேர்போன நெசவுக்கூடம், கையால் வரையும் கலம்காரிப் பணி ஆகியவையும் இதே வளாகத்தில் உள்ளன. 1993இல் நாடாளுமன்றச் சட்டத்தால் இது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. 1943இல் ருக்மிணி தேவி தொடங்கிய டாக்டர் உ.வே.சாமிநாதையர் நூல்நிலையமும் பெசன்ட் நகர்ப் பக்கம் இருக்கிறது. ஐயர் ஊர் ஊராய் அலைந்து திரட்டிய ஓலைச்சுவடிகள் அங்கே உள்ளன. சுற்றுலாப் பட்டியல் எதிலும் இந்நூலகம் இடம்பெறாதது வருந்தத்தக்கது.

இவ்வளவு சொன்னாலும், கண்ணைப் பறிக்கும் காட்சி ஒன்றும் இல்லையே என்று பயணி கேட்கலாம். ஐம்பது கி.மீ.க்குள் மாமல்லபுரம் இருக்கும்போது ஒரு கோயிலுக்கும் நடனப் பள்ளிக்கும் ஏன் நேரம் செலவிட வேண்டும்? அளவிலும் சிற்ப நுட்பத்திலும் பல்லவர் கடற்கரைக் கோயிலோடு வான்மியூர் போட்டியிட முடியாது. ஆனால் அங்கே பயணி காண்பது முடிந்துபோன வேலையை. இங்கே காண்பது நடந்துகொண்டிருக்கும் வேலையை. கூட்டம் வந்தால் இவ்வேலை கெடாதா என்பதே இதைவிடக் கனமான ஆட்சேபம். இதற்குக் கடற்கரையே விடை தருகிறது. தை முதல் பங்குனி வரை இக்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. ஒரு குழியில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகள் இருக்கும். ஊர் விளக்கொளி குஞ்சுகளைக் கடலுக்கு எதிர்ப்பக்கம் இழுத்துவிடுவதால், மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பினர் 1988 முதல் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் காத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். அவர்களின் இரவு நடையில் பொதுமக்களும் சேரலாம். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கி.மீ., ஆமைக்கு இடைஞ்சல் வராதபடி நடக்க வேண்டும் என்பதே விதி. கலாக்ஷேத்ராவும் வகுப்புக்குக் குந்தகம் இல்லாத காலை நேரத்தில்தான் பார்வையாளரை விடுகிறது; கோயிலும் பகலில் நடை சாத்துகிறது. பார்க்க வருபவர் இடத்தின் நேரத்துக்கு அடங்கும்வரை கூட்டம் கேடு செய்யாது.

2004 ஜனவரி 26இல் பறக்கும் ரயில் திருமயிலையிலிருந்து திருவான்மியூர் வரை நீண்டது. அப்பரும் சம்பந்தரும் நடந்த இரு தலங்களுக்கிடையே இன்று கால் மணி நேரப் பயணம்தான். ஆகவே மாமல்லபுரம் கிளம்புவோருக்கு ஒரு வேண்டுகோள்: விடியலில் புறப்படுங்கள். நடை திறந்ததும் மருந்தீஸ்வரரைப் பாருங்கள், வகுப்பு நாளாயின் கலாக்ஷேத்ராவில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். வெயில் ஏறுமுன் தெற்கே போகப் பேருந்து இங்கேயே கிடைக்கும்.