மகாலின் வயது: கட்டடக்கலை ஆய்வில் நூலக ஆதாரங்களை ஆண்டு வரிசையில் படித்தல்

மதுரை திருமலை நாயக்கர் மகாலை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளும் மாணவர், அது 1636ஆம் ஆண்டையொட்டித் திருமலை நாயக்கரால் கட்டப்பட்டது என்று எழுதிவிட்டு, நேராக அளவெடுக்கப் போய்விடுகிறார். அந்த ஆண்டில் பிழையில்லை. ஆனால் அது போதாது. மன்னரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது அரண்மனையின் பகுதிகளைப் பிரித்துக் கொண்டுபோனார். இடிந்து கிடந்ததை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசு செப்பனிட்டது. பிறகு அங்கே நீதிமன்றம் நடந்தது. இன்று மகாலின் சொர்க்க விலாச மண்டபத்தில் மாணவரின் அளவுநாடா தொடுகிற சுதை நாயக்கர் காலத்ததா, பழுதுபார்த்தவர்களின் கையா என்பதைத் தூணே சொல்லாது. அதைச் சொல்லக்கூடிய தாள்கள் நூலகங்களிலும் காப்பகங்களிலும் இருக்கின்றன. ஒரு கட்டடத்தைப் பற்றிய ஆதாரங்களை அவை உருவான ஆண்டு வரிசையில் அடுக்க வேண்டும், அவ்வரிசையில் இன்று நிற்கும் கட்டடத்தைக் கடைசி ஆதாரமாகவே கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

நடைமுறையில் இதற்கு நேர்மாறாகவே நடக்கிறது. அண்மையில் வந்த புத்தகத்தில் தொடங்கி, அதில் உள்ள பிளானை அப்படியே எடுத்தாண்டு, அதற்கு மேல் போகாமல் நின்றுவிடுகிறார்கள். விளைவைத் தூண்களின் உயரத்திலேயே பார்க்கலாம். மகால் தூண்கள் 82 அடி என்று ஓரிடத்தில் காண்கிறோம். 20 மீட்டர் என்று இன்னோரிடத்தில். 40 அடி என்று மற்றோரிடத்தில். மூன்றும் அச்சேறியிருக்கின்றன, மூன்றையும் மேற்கோள் காட்டுகிறார்கள். தூணடியில் ஆள் நிற்கும் ஒரே ஒரு பழைய ஒளிப்படம் கிடைத்தால் போதும். ஐந்தரை அடி ஆள், 40 அடித் தூணில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு தெரிவார். 82 அடித் தூணில் பதினைந்தில் ஒரு பங்குதான் தெரிவார். எந்த எண் நிற்கும், எது விழும் என்பது ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாமலே எண்கள் ஆய்வேட்டிலிருந்து ஆய்வேட்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

மகாலுக்குக் கிடைக்கும் பழைய படங்களில் முக்கியமானவை தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரும் ஆக்கியவை. சித்தப்பாவும் அண்ணன் மகனுமான இவர்கள் 1792இல் மதுரைக்கு வந்தார்கள். 1795 முதல் 1808 வரை வெளிவந்த அவர்களுடைய ‘ஓரியண்டல் சீனரி’ தொகுப்பின் 144 படங்களில் மதுரை அரண்மனையின் உட்புறமும் இடிபாடுகளும் இடம்பெற்றுள்ளன. பழுதுபார்ப்புக்கு முக்கால் நூற்றாண்டு முந்திய சான்று என்பதால் இவற்றின் மதிப்பு பெரிது. அதற்காக அவற்றை அளவீட்டு வரைபடம் போல நம்பவும் கூடாது. டேனியல்கள், காட்சியைத் தாளில் விழச் செய்யும் கேமரா அப்ஸ்கியூரா என்ற கருவியின் துணையோடு வரைந்தவர்கள். ஆகவே வளைவுகளின் அமைப்பையும் தூண்களின் வரிசையையும் ஓரளவு நம்பலாம். ஆனால் அந்தக் கோட்டோவியங்கள் பின்னர் இங்கிலாந்தில் விற்பனைக்கான அச்சுப்படங்களாயின. வாங்குபவர் விரும்பியது இடிபாட்டின் அழகு. முன்னால் வளர்ந்து நிற்கும் செடிகொடிக்கும் வெயில் விழும் கோணத்துக்கும் அந்த விருப்பத்தில் பங்கு உண்டு.

ஒளிப்படமானால் இந்தச் சிக்கல் இல்லை என்று மாணவர் நினைக்கலாம். மதராஸ் அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரையைப் படமெடுத்தார். மகாலும் அதில் உண்டு. பழுதுபார்ப்புக்கு முந்திய நிலையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் சான்று அரிது. ஆயினும் டிரைப் தம்முடைய காகித நெகடிவ்களில் வானத்து மேகங்களைக் கையால் தீட்டிச் சேர்த்தவர். மேகம் ஆய்வுக்குத் தேவையில்லைதான். ஆனால் நெகடிவில் கை பட்டிருக்கிறது என்று அறிந்தவர், கூரை வானத்தைத் தொடும் விளிம்பைக் கூர்ந்து பார்ப்பார். எந்த ஆதாரமானாலும் எப்போது உருவானது, யார் உருவாக்கினார், யாருக்காக என்று கேட்டுவிட்டே கட்டடத்தைப் பற்றி அதனிடம் கேட்க வேண்டும்.

அடுத்த அடுக்கு எழுத்து. ஜே. எச். நெல்சனின் மதுரை நாட்டைப் பற்றிய கையேடு 1868இல் வந்தது, டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய மாவட்ட விவரச்சுவடி 1906இல். இரண்டுக்கும் நடுவில்தான் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு மகாலைச் செப்பனிட ஆணையிட்டார். அந்த வேலையோடு இணைந்த பெயர் சென்னை செனட் ஹவுஸைக் கட்டிய ராபர்ட் சிஸ்ஹோம். அவரே இந்த அரண்மனை பற்றி லண்டன் கட்டடக் கலைஞர் நிறுவனத்தின் வெளியீட்டில் 1870களில் எழுதியிருக்கிறார். பழுதுபார்த்தவரே எழுதிய கட்டுரை ஒரு கட்டடத்துக்குக் கிடைப்பது பெரும் பேறு. நெல்சனை முதலிலும் சிஸ்ஹோமை அடுத்தும் பிரான்சிஸைக் கடைசியிலும் படித்தால் மூவரும் கண்டது ஒரே கட்டடத்தின் மூன்று நிலைகள் என்பது விளங்கும். வரிசையைக் குலைத்துப் படித்தால் மூன்று வருணனைகளும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றும். மாணவர் குழம்பிப்போய் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்.

மகாலை வடிவமைத்தவர் இத்தாலியர் என்ற செய்திக்கும் இதே மருந்துதான். அதைச் சொல்லும் நூலை எடுத்து, அது யாரை ஆதாரம் காட்டுகிறது என்று பார்த்து, அவர் யாரைக் காட்டுகிறார் என்று பின்னோக்கிப் போக வேண்டும். 17ஆம் நூற்றாண்டுச் சான்று வரை சங்கிலி போகிறதா, இடையிலேயே அறுந்துவிடுகிறதா என்பதைப் பதிவுசெய்வதே ஆய்வு.

தேடும் வேலையில் மாணவரைத் தோற்கடிப்பது பெரும்பாலும் எழுத்துக்கூட்டல். பழைய ஆங்கிலப் பட்டியல்களில் மதுரை ‘மதுரா’வாக இருக்கும், திருமலை நாயக்கர் ‘திருமல நாயக்’, ‘திருமுல் நாயக்’ என்றெல்லாம் மாறுவார். இன்றைய பெயரை மட்டும் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்புவது பரிதாபம். சென்னை எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் உள்ளன. முன்னதில் நூலையும் பின்னதில் பொதுப்பணித்துறை நடவடிக்கைகளையும் தேடலாம். காப்பகத்தில் கட்டடத்தின் பெயரோடு மட்டும் போனால் கோப்பு வராது. துறை, ஆண்டு, ஆணை எண் மூன்றும் வேண்டும். ஆண்டுவாரிக் குறிப்பேட்டைப் புரட்டி அவற்றைக் கண்டுபிடிப்பதிலேயே பொழுது போய்விடும். போகட்டும். பழுதுபார்ப்பு மதிப்பீடு ஒன்று கையில் சிக்கினால், எந்தச் சுவருக்கு எவ்வளவு செங்கல், எவ்வளவு சுண்ணாம்பு என்ற கணக்கு அதில் இருக்கும். அழகியல் நூல் எதிலும் அது கிடைக்காது.

கட்டடமே தலைசிறந்த ஆவணம், அளந்து வரைந்தால் போதும் என்று கற்பிக்கும் ஆசிரியர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கோப்புகள் அதிகாரிகளின் கண்ணால் எழுதப்பட்டவை. சுதை பூசிய கொத்தனாரின் பெயர் அவற்றில் இராது, அவருடைய கைத்திறனைச் சுவரில்தான் காண முடியும். ஆனால் இல்லாமற்போனதை அளக்க முடியாது. மகாலுக்குச் சற்றுத் தள்ளி, கடைத்தெரு நெரிசலுக்குள் நிற்கும் ‘பத்துத்தூண்’, அரண்மனை வளாகத்தின் எச்சம். அந்தக் கற்றூண்களுக்கும் சொர்க்க விலாசத்துக்கும் இடையே இருந்தது என்ன என்பதை இன்றைய தெருவை அளந்து வரைய இயலாது. பழைய படத்தையும் வருணனையையும் நகர வரைபடத்தையும் ஒன்றோடொன்று பொருத்தியே ஊகிக்க முடியும். களமும் நூலகமும் மாறி மாறி நடக்க வேண்டியவை. களத்தில் எழும் சந்தேகம் மாணவரைக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். காப்பகத்தில் கண்டதைச் சரிபார்க்க அவர் மறுபடி தூணடிக்கு வர வேண்டும்.

இதைப் பாடத்திட்டத்தில் கொண்டுவருவது கடினமன்று. அளவீட்டு வரைபடத்தோடு, ஒவ்வோர் ஆதாரத்துக்கும் உருவான ஆண்டு, ஆக்கியவர், நோக்கம், இருக்குமிடம் ஆகியவற்றைக் காட்டும் ஆண்டு வரிசைத் தாள் ஒன்றையும் கல்லூரிகள் கட்டாயமாகக் கேட்கலாம். மாணவர் வரைந்த தாள்களையும் அளந்த தேதியோடு, கட்டடத்தின் பெயரில், அந்தப் பெயரின் பழைய எழுத்துக்கூட்டல்களையும் சேர்த்து, கல்லூரி நூலகப் பட்டியலில் ஏற்ற வேண்டும். மதிப்பெண் போட்டு முடிந்ததும் அவை பரணுக்குப் போய்விட்டால், அடுத்த பழுதுபார்ப்புக்கு முன் மகால் எப்படி இருந்தது என்று 2080இல் தேடப்போகும் மாணவருக்கு டேனியலும் டிரைப்பும்தான் கிடைப்பார்கள். நம் காலத்து ஆதாரம் ஒன்றும் கிடைக்காது.